மேடை யாருடையது? தூத்துக்குடியின் கொட்டகைகளும் நம் கதைகளும்

சில வருடங்களுக்கு முன்பு அம்பேத்கர் பிறந்தநாளுக்காக மாணவர்கள் சிலர் ஒரு நாடகம் தயார் செய்திருந்தார்கள். எல்லாரும் தூத்துக்குடியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் ஒரு தாயின் கதை அது. நகரத்தில் ஒரு சின்ன ஹால் கேட்டு நானும் அவர்களோடு போயிருந்தேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், வாடகையும் பேசி முடித்தார். தேதியை நோட்டில் எழுதப் போகும்போது, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னோம். "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னோம். பேனா நின்றுவிட்டது. அந்தத் தேதியில் வேறு நிகழ்ச்சி இருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாடகம் கடைசியில் காலனியின் சமுதாயக் கூடத்துக்கு முன்னால், இரண்டு டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. நல்ல கூட்டம். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் நம் தெரு மக்கள். நம் கதையை நமக்கு நாமே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினோம். அந்த நாடகத்தைப் பார்த்திருக்க வேண்டிய நகரம் அன்றைக்கு அங்கே இல்லை.

கோயில், கிணறு, டீக்கடை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றுக்காக நடந்த போராட்டங்களின் வரலாறு நமக்குத் தெரியும். மேடைக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். கொட்டகைக்குள் யார் உட்கார்ந்தார்கள்? மேடையில் யார் ஏறினார்கள்? யாருடைய கதை சொல்லப்பட்டது?

உப்புக் கணக்கரும் உப்பு சுமந்தவரும்

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்காரர். 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகத்துக்கு வருவதற்கு முன்பு அவர் பார்த்த வேலை உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது. இருபத்து நாலு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போனார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்கள் இன்றும் தென் மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். 1922-இல் புதுச்சேரியில் இறந்தார்.

அதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இருந்தது. 1891-இல் தொடங்கிய அந்தச் சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்தார்கள். அவர்களுக்குப் பெயர் ‘அமெச்சூர்’, கௌரவமானவர்கள். சங்கரதாஸின் மேடையில் நடித்தவர்களோ வயிற்றுப்பாட்டுக்கு நடித்தவர்கள். அவர்களைச் சமூகம் ‘கூத்தாடி’ என்றது. நடித்த பெண்களைச் சொன்ன சொற்களை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆக, தமிழ் நாடகத்துக்குள்ளேயே மேல், கீழ் என்ற பிரிவு அன்றைக்கே வந்துவிட்டது. தூத்துக்குடி தந்த நாடகம் கீழே தள்ளப்பட்ட பக்கத்தில் நின்றது. அந்த வகையில் சுவாமிகளின் மரபு நமக்கு நெருக்கமானது.

ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் பேசியிருப்போம். உப்புக் கணக்கு எழுதியவரால் மேடைக்குப் போக முடிந்தது. அதே உப்பை வாரிச் சுமந்தவர்களில் யாருடைய பெயரும் நாடக வரலாற்றில் இல்லை. இந்தக் கரையின் உப்பளங்களில் வெயிலில் நின்ற கால்களில் நம் மக்களின் கால்கள் ஏராளம். ஊரில் கூத்து என்றாலும் சாவு என்றாலும் பறை அடித்தவர் நம் ஆள். அறிவிப்பைத் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொன்னவரும் நம் ஆள். (அந்தத் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான்.) ஊரையே கூட்டிக் கொடுத்தவருக்குக் கூட்டத்தின் ஓரத்தில்தான் இடம்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று பார்த்தாலே இது விளங்கும். பெரும்பாலும் கோயில் கொடைக்குத்தான் நாடகம் வைப்பார்கள். வரி போட்டுப் பணம் திரட்டுவது ஊர். மேடை போடும் இடம் கோயில் திடல். வரி வாங்காத தெருவுக்கு நாடகத்தில் உரிமை கிடையாது. ‘உங்களிடம் வரி வாங்கவில்லை’ என்பது சலுகை போலத் தோன்றும். உண்மையில் அது, நீ ஊரில் சேர்த்தி இல்லை என்று சொல்லும் வழி. இன்றும் தென் மாவட்டங்களில் கோயில் வரியை ஒட்டி வரும் தகராறுகளின் வேர் இதுதான். நாடகம் இலவசம், திடல் திறந்தவெளி, சுவர் கிடையாது. இருந்தும் எங்கே உட்காருவது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடற்கரை மேடைகள்

கடலோரத்துக்கு வேறு ஒரு மேடை மரபு இருக்கிறது. புனிதர்களின் கதைகளைப் பாட்டும் ஆட்டமுமாக நடத்தும் வாசாப்பும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்காவும் முத்துக்குளித்துறையின் பரதவ ஊர்களில் வேரூன்றியவை. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்க் கரையிலும் வாசாப்பு உண்டு. கோயில் முற்றமே அரங்கம், வலை இழுத்த கைகளே நடிகர்கள். ஒரு மீனவ ஊர் தன் சொந்த மேடையைத் தானே கட்டிக்கொண்ட வரலாறு இது. நகரத்தின் கனவான்கள் கொடுக்காத இடத்தை அந்த மக்கள் தங்கள் முற்றத்தில் உண்டாக்கிக்கொண்டார்கள்.

அந்த ஊர்களில் பிறந்த கலைஞனுக்கும் நகரத்து மேடை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. சந்திரபாபு 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். குடும்பத்தோடு கொழும்புக்குப் போய் வளர்ந்து, பிறகு சென்னைக்குப் போய் அலைந்துதான் அவர் சினிமாவுக்குள் நுழைந்தார்.

கொழும்புக்குப் போன கப்பல்களில் வேறு ஒரு கூட்டமும் இருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கப்பட்டுப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். அப்படிப் போனவர்கள் கடந்த துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. லயத்து வாசலில் அவர்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் ஆடினார்கள், இன்றும் மலையகத்தில் ஆடுகிறார்கள். ஊரில் திடலின் ஓரத்தில் நின்றவர்கள், கடல் தாண்டிப் போன இடத்தில் கூத்தின் நடுவுக்கு வந்தார்கள். ஆக, நமக்குக் கலை தெரியாமல் இருந்ததில்லை. இடம்தான் இல்லாமல் இருந்தது.

மயில் மேல் இறந்த மனிதர்

மேடையில் யார் ஏறினார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு, சிவகாசியில் 1886-இல் பிறந்த விஸ்வநாத தாஸின் வாழ்க்கையே பதில். அவர் தலித் அல்ல, மருத்துவர் சமூகத்தவர். சவரத் தொழிலைச் சொல்லி இழிவு செய்யப்பட்ட சமூகம் அது. சங்கரதாஸ் மரபின் மேடையில் முருகனாக வந்து, வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காகக் கேலி செய்யும் பாட்டைப் பாடுவார். கொட்டகை அதிரும், போலீஸ் காத்துக்கொண்டு நிற்கும். பலமுறை சிறைக்குப் போனவர். அந்தப் பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

நாடே கொண்டாடிய அந்த முருகனோடு வள்ளியாக நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். காரணம் சாதி. பக்தர்கள் அவர் போட்ட முருகன் வேஷத்தைக் கும்பிடுவார்கள், வேஷம் கலைந்தால் அவர் மறுபடியும் நாவிதர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது, மயில் ஆசனத்தில் முருகனாக உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. இந்த மரணத்தைத் தேசபக்திக் கதையாக நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் சாதிக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

நம் கதை, அடுத்தவர் வாயில்

மூன்றாவது கேள்விக்கு நந்தனைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை காலட்சேபமாகி, நாடகமாகி, சினிமாவாகித் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். நம் மனிதன் ஒருவன் கதாநாயகனாக ஆன கதை. ஆனால் அந்தக் கதை சொல்வது என்ன? ஆண்டையிடம் கெஞ்சி அனுமதி வாங்கு, நெருப்பில் இறங்கிச் சுத்தமாகு, அப்புறம் உள்ளே வா என்பதுதான். பெரியபுராணத்தில் இல்லாத அந்த ஆண்டை பாத்திரத்தைச் சேர்த்ததே பாரதிதான். அவர் அதை இரக்கத்தோடுதான் செய்தார். இருந்தாலும் கண்ணீர் விட்ட சபை எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு நேர்மாறாக, நந்தனை ஒரு பௌத்த மன்னனாக எழுதினார். அவருடைய ‘இந்திரர் தேச சரித்திரம்’ நூலில் நந்தன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒரே பெயரில் இரண்டு கதைகள். ஒன்றுக்கு நூறு மேடை கிடைத்தது. மற்றதற்கு ஒரு பத்திரிகையின் பக்கங்கள் மட்டுமே கிடைத்தன. மேடை கையில் இருப்பவன் நம் கதையையும் தனக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொள்வான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தரை டிக்கெட்

பிறகு சினிமா வந்தது. யாழ்ப்பாணத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதிய நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையில் உள்ள காசு என்பது அவர் கருத்து.

தூத்துக்குடியில் சார்லஸ், பாலகிருஷ்ணா என்று பெயர் சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறுவதற்குக் காரணம் இதுதான். உப்பளத்திலும் துறைமுகத்திலும் மில்லிலும் வேலை பார்த்த சனம், சம்பள நாளில் சட்டை மாற்றிக்கொண்டு போய் டிக்கெட் எடுத்தது. கவுண்டரில் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று யாருக்கும் தெரியாது. கோயில் திடலில் ஓரத்தில் நின்றவனுக்கு, காசு கொடுத்து வாங்கிய அந்த இடம் சாதாரண விஷயம் இல்லை.

அதற்காக அதைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட் பிரிந்தபோது சாதியின் நிழல் காசின் வடிவில் உள்ளே வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூலி குறைவாக வாங்கியவன் தரையில்தானே உட்கார முடியும்? தியேட்டர் நமக்குப் பார்வையாளர் என்ற இடத்தைக் கொடுத்தது. பேசும் இடத்தைக் கொடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். குளம், கிணறு, பாதை போன்ற பொது வசதிகளில் தீண்டாமையைத் தடுக்க எம்.சி. ராஜாவின் முயற்சியில் 1938-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகளோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதியைக் காட்டி யாரையும் அங்கே தடுக்கக் கூடாது. 1955-இல் வந்து, 1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4-ஆம் பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தமும் பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்துள்ளது. அது 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நுழைவதைத் தடுத்தால் வழக்குப் போடலாம். ஹால் ‘காலி இல்லை’ என்று சொன்னால்? அன்றைக்கு எங்களுக்கு நடந்தது அதுதான். சட்டத்தின் கை படாத இடத்தைச் சாதி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம் போலீஸ் அனுமதி. 1876-இல் வெள்ளைக்காரன் நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டான். விஸ்வநாத தாஸ் காலத்து மேடைகளின் தலைக்கு மேல் தொங்கியது அதுதான். சுதந்திரம் வந்த பிறகும் சென்னை மாகாண அரசு 1954-இல் தன் பங்குக்கு ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள்தான் அதன் குறி என்பது ஊரறிந்த செய்தி. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013-இல்தான். கிட்டத்தட்ட அறுபது வருடம்! சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. சாதி பற்றிப் பேசும் நாடகம் என்றால் ‘சட்டம் ஒழுங்கு’ என்ற சொல் இன்றும் முன்னால் வந்து நிற்கிறது.

நாமே போட்ட மேடைகள்

இத்தனைக்கும் நடுவில் நம் ஆட்கள் மேடை கட்டியிருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். அந்தப் போராட்டச் சூழலில் எழுந்ததுதான் என்.கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம். அம்பலத்தாடிகள் குழு அதைக் காத்தவராயன் கூத்தின் பாணியில் மேடையேற்றியது. ஊர் மக்களுக்குப் பழகிய மெட்டு, உள்ளே கோயில் கதவை உடைக்கும் செய்தி.

இந்தப் பக்கம் கே.ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கை மாவட்டத்தின் மாரந்தையில் பிறந்தவர். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகமாகப் பேசப்படுகிறது. அவர் பேராசிரியராகவும் புலத் தலைவராகவும் இருந்தது புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில். தூத்துக்குடி உப்புக் கணக்கரின் பெயர் தாங்கிய பள்ளியை ஒரு தலித் நாடகக்காரர் வழிநடத்தினார். நாடக வரலாற்றில் நம் இடம் எங்கே என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியபோது, சாவுக்கு அடிக்கும் கருவி என்ற பெயர் உடைந்தது.

தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே கோவில்பட்டி இருக்கிறது. அங்கே பெரிய அரங்கம் எதுவும் இலக்கியத்தை வளர்க்கவில்லை. காந்தி மைதானமும் டீக்கடை பெஞ்சும்தான் வளர்த்தன. ‘பிறகு’, ‘வெக்கை’ எழுதிய பூமணியும், ‘கூகை’, ‘சூல்’ எழுதிய சோ. தர்மனும் அந்தக் கரிசலிலிருந்து வந்தவர்கள். பூமணிக்கு 2014-லும் தர்மனுக்கு 2019-லும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியைத் தர்மன் ஏற்பதில்லை. அது அவர் உரிமை. அவர் எழுதிய வாழ்க்கை நம்முடையது. பாஸ்கரதாஸின் பேரன் முருகபூபதியின் மணல்மகுடி நாடகக் குழுவும் கோவில்பட்டியில்தான் வேர்விட்டது. தூத்துக்குடி நகரத்தில் ஸ்ரீதர கணேசன் ‘உப்பு வயல்’ நாவலில் உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினார்.

1995 ஆகஸ்ட் 31 அன்று இதே மாவட்டத்தில் கொடியன்குளம் என்ற தலித் ஊரைப் போலீஸ் சூறையாடியது. அந்த நினைவைத் தொடுவதாகப் பரவலாகப் பேசப்பட்ட ‘கர்ணன்’ 2021-இல் திரைக்கு வந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆனது. அதை எடுத்த மாரி செல்வராஜ் இந்த மண்ணின் பிள்ளை. அவருடைய முதல் படத்தில் அப்பாவாக வந்த வண்ணாரப்பேட்டை தங்கராஜ், நெல்லைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். 2023-இல் இறந்தார். எத்தனையோ வருட ஆட்டத்தை உலகம் திரும்பிப் பார்க்க ஒரு சினிமா தேவைப்பட்டது. அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்காமல் போய்ச் சேர்ந்த தங்கராஜ்கள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம்

முதல் வேலை, உங்கள் ஊரில் பறை அடித்த, வில்லுப்பாட்டில் குடம் அடித்த, கூத்தில் பெண் வேஷம் கட்டிய பெரியவர்களைத் தேடிப் போங்கள். போனில் பதிவு செய்யுங்கள். எங்கே ஆடினார்கள், எவ்வளவு கூலி, எங்கே சாப்பாடு போட்டார்கள், எந்த வழியாக மேடைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் சாதி தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, ஹால் கேட்கும்போது வாய்மொழியாகக் கேட்காதீர்கள். கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மாநகராட்சி அல்லது அரசு அரங்கமாக இருந்தால், மறுக்கப்பட்ட தேதியில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

மூன்றாவது, நம் காலனிகளில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களைத் திறப்போம். மாதம் ஒரு நாள் நாடகம், கவிதை, புத்தகப் பேச்சு. ஆனால் நம் தெருவுக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளக் கூடாது. நம் கூடத்துக்கு நகரத்தை அழைக்க வேண்டும், நகரத்தின் ஹாலுக்கு நாம் போக வேண்டும். தனி மேடை தற்காலிகத்துக்குப் போதும், பொது மேடைதான் உரிமை.

அந்த உப்பளத்துத் தாயின் நாடகத்தைப் பிள்ளைகள் இன்னும் வைத்திருக்கிறார்கள். அம்மாவாக நடித்த பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் போடலாம் என்று போன வாரம் போன் செய்தாள். "அதே ஹால்தான் வேணும்ணே, இந்தத் தடவை எழுதிக் கேப்போம்" என்றாள்.

கேட்போம். ஜெய் பீம்.